வண்டியின் பளபளப்பும் பற்றின் கணக்கும்

புதிய காரின் பளபளப்பு முழுவதும் 35 முதல் 50 மைக்ரான் வரை தடிமனுள்ள நிறமற்ற ஒரு படலத்தில் அடங்கியிருக்கிறது. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்று தொழிற்சாலையில் நான்கு அடுக்குகள் ஏற்றுகிறார்கள். நான்கும் சேர்ந்தாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறத்தாழ இரண்டு தலைமுடியின் கனம். இந்த மெல்லிய பரப்பை எப்படிக் காப்பது என்று வண்டி வாங்குகிறவர் கேட்கும்போது, கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறார்: காப்பு வேண்டும், ஆனால் அதற்காக ஓயாமல் மெனக்கெட முடியாது. இந்த நிபந்தனைதான் கேள்வியைக் கடையிலிருந்து தத்துவத்துக்கு இழுத்துவருகிறது. பொருளைப் பேணுவது கடமையா, பற்றா? பேணும் உழைப்பைக் குறைத்துக்கொள்ள விரும்புவது பற்றைக் குறைப்பதா, பொருளை அலட்சியம் செய்வதா, அல்லது உழைப்பைத் தள்ளிவிட்டுப் பற்றை மட்டும் வைத்துக்கொள்வதா? உடைமையைப் பற்றி யோசித்த மரபுகள் ஒவ்வொன்றும் இதை ஏதோ ஒரு வடிவில் சந்தித்திருக்கின்றன. அவற்றின் விடைகளை எடைபோடுமுன் பூச்சு எதனால் கெடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். கெடும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

சென்னையில் திறந்தவெளியில் நிற்கும் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள் கிளியர் கோட்டிலேயே கலந்திருக்கிறது. படலம் தேயத் தேய அந்தக் காப்பும் தேய்கிறது. காக்கை எச்சத்தில் உள்ள அமிலம், வெயிலில் சூடேறி இளகிய பரப்பில் சில மணி நேரத்துக்குள் தடம் பதித்துவிடும். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கால்சிய, மக்னீசிய உப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தங்கும். மரத்தடியில் நிறுத்தினால் பிசின், நெடுஞ்சாலையில் போனால் லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்.

அன்றாடச் சேதத்தில் இவை அனைத்தையும் மிஞ்சுவது துடைக்கும் துணி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வந்து, ஒரு வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து நனைத்து வரிசையாக எல்லா வண்டிகளையும் துடைத்துவிட்டுப் போவது வழக்கம். தூசியில் இருக்கும் மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. துணி அதை இழுத்துச் செல்லும் வழியெல்லாம் கீறல் விழுகிறது. ஓராண்டு கழிந்து கறுப்பு வண்டி ஒன்றை வெயிலில் பார்த்தால், ஒளி படும் இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். அவற்றைப் போக்கப் பாலிஷ் போட்டால் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் குறையும். ஆக, வண்டியின் மேல் கிடக்கும் தூசி செய்யும் கேட்டைவிட, அதைத் தினமும் தேய்த்தெடுக்கும் அக்கறை செய்யும் கேடு பெரிது. பராமரிப்பைக் குறைப்பது சோம்பல் என்ற எண்ணம் இந்த உண்மைக்கு முன்னால் நிற்காது.

காப்புப் பொருள்கள் நான்கு வகைப்படும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு பழமையானது. அழகிய மினுக்கம் தரும், நம் ஊர் வெயிலில் சில வாரங்களில் போய்விடும். செயற்கைப் பாலிமர்களால் ஆன சீலன்ட் நாலைந்து மாதம் நிற்கும். ஷோரூமில் 'டெஃப்லான் கோட்டிங்' என்று விற்பதையும் இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும். டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதைப் பிடிக்கவைக்கும் சூட்டைக் கார்ப் பூச்சு தாங்காது. மூன்றாவது, சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட செராமிக் கோட்டிங். ஓரிரு மைக்ரான் கனத்தில் இறுகிக் கிளியர் கோட்டோடு பிணைந்து, நன்றாகப் போட்டால் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீரை முத்து முத்தாக உருளவைக்கும். கல் தெறிப்பை அது தடுக்காது. அதன் விளம்பரங்களில் வரும் 9ஹெச் என்ற கடினத்தன்மை பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தமில்லை. நான்காவது பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் பிலிம். 150 முதல் 200 மைக்ரான், அதாவது வண்டியின் மொத்தப் பூச்சையும்விடக் கனம். கல்லைத் தாங்கும், மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும்.

இவற்றை விற்பவர்கள் 'குறைந்த பராமரிப்பு' என்று சொல்லும்போது கையின் உழைப்பை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். மனத்தின் உழைப்பு விலைப்பட்டியலில் வருவதில்லை. செராமிக் போட்டவருக்குத் தரப்படும் அறிவுரைகளைப் பார்த்தால் இது விளங்கும்: முதல் வாரம் தண்ணீர் படக்கூடாது, குறிப்பிட்ட ஷாம்புதான் போட வேண்டும், கழுவியதும் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும், வாரன்டி நிலைக்க ஆண்டுதோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும். லட்ச ரூபாய்க்குப் பிலிம் ஒட்டியவர், ஒட்டாதவரைவிடக் கூடுதலாக யோசித்தே வண்டியை நிறுத்துகிறார். கவலையைப் போக்க வாங்கிய காப்பு, கவலைப்பட வேண்டிய இன்னொரு பொருளாகிவிடுகிறது. ஆகவே உண்மையான அளவுகோல் ஆண்டுக்கணக்கும் அல்ல, மைக்ரான் கணக்கும் அல்ல: ஒரு காப்பு, பொருள் உடையவரின் நினைப்பில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதே.

இந்த அளவுகோலை மிகத் துல்லியமாகப் பயன்படுத்திய நூல் பௌத்த வினயம். துறவிகளுக்கான அந்த ஒழுங்குமுறை நூலில் பிச்சைப் பாத்திரத்தைப் பற்றி இருக்கும் விதிகளின் நுணுக்கம் இன்றைய வாசகரை வியக்கவைக்கும். எல்லாம் நிலையற்றது என்று போதித்த ஒரு மரபு, மண் பாத்திரத்தின் மேற்பரப்பைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறது. பாத்திரம் இரும்பாலோ மண்ணாலோ இருக்க வேண்டும். பொன், வெள்ளி, பளிங்கு, வெண்கலம் எல்லாம் விலக்கு. இரும்புப் பாத்திரத்தை ஐந்து முறையும் மண் பாத்திரத்தை இரண்டு முறையும் சுட வேண்டும் என்கிறது பிற்கால உரை. சுட்டெடுப்பதால் மேலே படியும் கறுப்புத் தோல் இரும்பைத் துருவிலிருந்து காக்கும். சுல்லவக்கம் என்ற பகுதியில் வரும் ஒரு விதி, காரைக் கழுவுகிறவருக்கு எழுதியது போலவே இருக்கிறது. ஈரத்தோடு எடுத்துவைத்த பாத்திரங்கள் நாற்றமடித்தன என்பதால் வெயிலில் காயவைக்க அனுமதி கிடைத்தது. துறவிகள் வெயிலிலேயே விட்டுவைத்ததும் பாத்திரங்களின் நிறம் கெட்டது. அதன் பிறகு, சிறிது நேரம் மட்டும் வெயிலில் காட்டி எடுத்துவைக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. கையில் பாத்திரத்தோடு கதவைத் திறக்கக் கூடாது, திண்ணையின் ஓரத்தில் வைக்கக் கூடாது, குடைக்குள் வைக்கக் கூடாது என்று தொடர்கிறது பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உடைந்துபோன ஒரு பாத்திரத்தின் கதை இருக்கிறது.

அக்கறையை இத்தனை தூரம் வலியுறுத்திய அதே நூல், அக்கறை எந்த இடத்தில் திசை மாறுகிறது என்பதையும் காட்டுகிறது. பாத்திரத்தின் அடிப்பாகம் தரையில் உராய்ந்து தேய்ந்தபோது, அடியில் வைக்க ஒரு வட்டத் தாங்கி அனுமதிக்கப்பட்டது. உடனே ஆறு பேர் கொண்ட ஒரு துறவிக் குழு பொன்னாலும் வெள்ளியாலும் தாங்கி செய்துகொண்டது. ஈயத்தாலும் தகரத்தாலும் மட்டுமே செய்யலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அந்தக் குழுவோ, அதிலும் உருவங்களைச் செதுக்கித் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தது. கடைசியில் வேலைப்பாடற்ற சாதாரணத் தாங்கியே போதும் என்று முடிவானது. கீறல் விழாமல் காக்கப் புறப்பட்ட ஒரு பொருள் மூன்றே படிகளில் காட்சிப் பொருளானதன் வரலாறு இது. செராமிக் கோட்டிங் போட்டதும் அதன் பெயரைச் சொல்லும் ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை அந்த ஆறு பேரும் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

புதுப் பாத்திரம் எப்போது கேட்கலாம் என்பதற்கும் விதி உண்டு. ஐந்து இடத்துக்குக் குறையாமல் ஒட்டுப்போட்ட பிறகே கேட்கலாம். அதற்குமுன் புதிது வாங்கிய துறவி அதைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். மூத்தவர் முதல் இளையவர் வரை மாற்றிக்கொண்டு போன பின் கடைசியில் மிஞ்சும் மட்டமான பாத்திரம் அவருக்கு வரும். அதை உடையும்வரை வைத்துப் பேண வேண்டும். பேணுதல் இங்கே பொருளின் அழகை நிறுத்திவைப்பதற்காக அல்ல, அதன் பயனை நீட்டிப்பதற்காக. ஒட்டுப்போட்ட பாத்திரம் குறைபட்ட பாத்திரமாகக் கருதப்படவில்லை. வண்டிப் பூச்சுக்கு இந்தப் பார்வையைப் பொருத்தினால், காக்கத் தகுந்தது எது என்பது பிரிந்து தெரியும். கிளியர் கோட் உரிந்து, ஈரம் தகட்டைத் தொட்டுத் துருவேறாமல் காப்பது பயனைக் காப்பது. கண்ணாடிபோல் முகம் தெரிய வேண்டும் என்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே குப்பியிலிருந்து விடை வருவதால்தான் வாங்குகிறவர் குழம்புகிறார்.

சமணம் இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பொருளைக் கையில் வைத்திருப்பதை உடைமை என்று சொல்வதில்லை. பொருளின் மேல் மனம் மயங்கிக் கிடக்கும் நிலையையே உடைமை என்று வரையறுக்கிறது. அப்படிப் பார்த்தால் கேரேஜ் நிறைய வண்டி வைத்திருப்பவரைவிட, ஒரே வண்டியின் ஒரே கீறலை நினைத்துத் தூக்கம் கெட்டவர் பெரிய உடைமைக்காரர். கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யில் வங்கியின் உரிமைக் குறிப்பும் சேர்ந்தே இருக்கும். அந்த மயக்கம் அதைப் பார்த்துத் தயங்குவதாகத் தெரியவில்லை.

கிரேக்க ஸ்டோயிக் மரபில் எபிக்டெட்டஸ் தம் வீட்டுத் தெய்வங்களின் முன் ஓர் இரும்பு விளக்கு வைத்திருந்தார். திருடன் அதைக் கொண்டுபோய்விட்டான். நாளைக்கு மண் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முடித்துக்கொண்டார் அவர். இழந்தால் வலிக்காத பொருளை வைத்துக்கொள்வது என்பது பராமரிப்புக் கேள்விக்கு மிகச் சுருக்கமான விடை. மெழுகுக் குப்பியையே அது தேவையற்றதாக்கிவிடும். ஆனால் இந்த விடை வினயத்தின் விடையைவிட மெலிந்தது. விளக்கைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கக் கற்றுத்தருகிறது. விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றிவைக்கும் கையைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மண் விளக்கின் பிற்காலக் கதை இன்னும் விந்தையானது. எபிக்டெட்டஸ் இறந்தபின் யாரோ ஒருவர் அதை 3000 திராக்மா கொடுத்து வாங்கினார் என்று கேலியாக எழுதிவைத்திருக்கிறார் அங்கத எழுத்தாளர் லூசியன். பற்றறுக்க வாங்கிய விளக்கும் பற்றுக்குரிய நினைவுப்பொருளாகிவிட்டது.

பற்றின்மைக்கு இந்திய மரபு தரும் புகழ்பெற்ற உவமை தாமரை இலை. கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று பேச்சுவழக்கிலும் புழங்குகிறது. செராமிக் கோட்டிங் விற்பவர்களும் இதே இலையைக் கைகாட்டுகிறார்கள். ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹூயிசுடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, தாமரை இலை எப்படித் தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்கிறது என்பதை விளக்கியது. இலையின் மேல் நுண்ணிய புடைப்புகள். புடைப்புகளின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுப் படிகங்கள். துளி இந்த முனைகளின் மேல் நிற்பதால் 150 பாகைக்கு மேற்பட்ட தொடுகோணத்தோடு ஏறத்தாழ முழு உருண்டையாகி, வழியில் கிடக்கும் தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. செராமிக் பரப்பு வழவழப்பானது. அதன் தொடுகோணம் 100 அல்லது 110 பாகை அளவில் நின்றுவிடும். தட்டையான கூரையில் துளிகள் ஓடாமல் குந்திக்கொண்டு, வெயிலில் காய்ந்து, உப்பு வட்டங்களை விட்டுச்செல்வது இதனால்தான். கோட்டிங் போட்டபின் வட்டங்கள் கூடிவிட்டன என்று வரும் புகார்களுக்குப் பல நேரம் காரணம் இதுவே.

இலைக்கும் பூச்சுக்கும் இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. உயிருள்ள இலை தேய்ந்த மெழுகை மறுபடி சுரக்கிறது. பூச்சு, போட்ட நாளிலிருந்து குறைந்துகொண்டே போகிறது. ஒட்டாமல் இருக்கும் தன்மையை ஒருமுறை வாங்கிப் பூசிவிட்டு மறந்துவிடலாம் என்ற எதிர்பார்ப்புக்கு இலை சாட்சி சொல்லாது. கீதை உவமை சொல்லும் மனிதரும் செயலை விட்டு ஒதுங்கியவர் அல்லர். நாள்தோறும் செயலில் நின்றுகொண்டே ஒட்டாமல் இருப்பவர்.

இவை எல்லாம் ஒருபுறமிருக்க, தமிழ்நாட்டில் புது வண்டிக்கு முதலில் கிடைக்கும் காப்பு வேறு வகையானது. சென்னை சென்ட்ரல் அருகே பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிகள் பூசைக்கு நிற்பதைப் பார்க்கலாம். பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறார்கள். பூச்சு வல்லுநர் ஒருவர் பக்கத்தில் நின்றால், புதுக் கிளியர் கோட்டின் மேல் பொடியைத் தேய்ப்பதைப் பார்த்துப் பதறுவார். ஆனால் இந்தச் சடங்கின் தர்க்கம் கவனிக்கத் தக்கது. குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு, அழகில் வேண்டுமென்றே ஒரு கறையை ஏற்படுத்துகிறது. குறையற்றதன் மேல்தான் கண்படும்; சிறு குறை ஒன்றை நாமே வைத்துவிட்டால் பெரிய குறை வராது என்பது நம்பிக்கை. கண்ணேறு உண்டா இல்லையா என்பது தனிக் கேள்வி. குறையற்ற பரப்பே ஆபத்தானது என்ற அதன் உளவியல் மட்டும் பிழையில்லை: முதல் கீறல் விழும்வரைதான் வண்டிக்காரருக்குப் பதற்றம் உச்சத்தில் இருக்கும், விழுந்தபின் வண்டி ஓட்டுவதற்கு ஆகிவிடும். முழுமையைப் பூட்டிவைக்க முயலும் பிலிமும், முழுமையைத் தானே கலைத்துவிடும் பொட்டும் ஒரே பயத்துக்குச் செய்யப்படும் எதிரெதிர் வைத்தியங்கள். செலவில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது.

இந்தப் பார்வைகளோடு தேர்வுக்குத் திரும்பினால் பல சிக்கல்கள் தாமாக விலகுகின்றன. தொழிற்சாலைப் பூச்சு ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் சுடப்பட்டு வருவதால், புது வண்டிக்குக் காத்திருக்காமல் எதையும் பூசலாம். முதல் வேலை பூசுவதல்ல, நிறுத்துவது: தினசரித் துடைப்பை நிறுத்துவது. வாரத்துக்கு ஒருமுறை தூசியைத் தண்ணீர் பீய்ச்சி இறக்கிவிட்டு, பிறகு ஷாம்புத் தண்ணீரால் கழுவி, மென்துணியால் ஒற்றியெடுத்தால் போதும். எச்சம் விழுந்தால் உடனே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். இதற்கு எந்தக் கோட்டிங்கும் விலக்கு தராது. பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தெளித்துத் துடைக்கும் சீலன்ட் ஒன்று தேவையை முடித்துவிடும். விலை குறைவு, வாரன்டி அட்டை இல்லை, கெட்டுப்போனால் வருத்தமும் இல்லை. எபிக்டெட்டஸின் மண் விளக்குக்கு மிக அருகில் வரும் காப்பு இதுதான். நிழலில் நிறுத்த வழியில்லாதவர், கழுவ நேரமில்லாதவர் செராமிக் போட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு. அழுக்கு எளிதில் கழன்றுவிடும், தேய்ப்பது குறையும். அது தரும் உண்மையான நன்மை அந்தத் தேய்ப்புக் குறைவுதான். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு முன் பம்பரிலும் பானட் விளிம்பிலும் மட்டும் பிலிம் ஒட்டுவது பாத்திரத்துக்கு ஈயத் தாங்கி வைப்பது போன்றது. முழு வண்டிக்கும் ஒட்டும்போது அது செதுக்கு வேலைப்பாட்டின் பக்கம் சாய்கிறது. மறுவிற்பனையில் விலை கூடும் என்ற வாதம் சில வண்டிகளுக்குப் பொருந்தலாம். அப்படிக் கூடும் தொகை பிலிமுக்குக் கொடுத்த தொகையை எட்டுவது அரிது. அடுத்து வாங்கப்போகிறவரின் கண்ணுக்காக எட்டு ஆண்டு காவல் காப்பது ஒருவகைத் துறவுதான், அதற்கு எந்த மரபும் புண்ணியம் ஒதுக்கவில்லை.

பொருளின் முடிவைப் பற்றியும் வினயம் பேசுகிறது. கோசாம்பி அரசன் உதயணன் (பெருங்கதையின் நாயகனாகத் தமிழுக்கு வந்த அதே உதயணன்) தன் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 ஆடைகள் கொடுத்துவிட்டதைக் கேட்டு எரிச்சலடைந்தான். துணி வியாபாரமா செய்யப்போகிறீர்கள் என்று நேரில் கேட்டான். ஆடை நைந்த துறவிகளுக்குப் பகிர்ந்து தருவதாகச் சொன்னார் ஆனந்தர். நைந்த பழைய ஆடைகள் என்னாகும்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். உறை தரைவிரிப்பாகும், தரைவிரிப்பு கால்துடைப்பாகும், கால்துடைப்பு தூசி தட்டும் துணியாகும். அதுவும் கிழிந்தால் மண்ணோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும். அரசன் மகிழ்ந்து இன்னொரு 500 ஆடை கொடுத்தான். காரில் இந்த வரிசை பாதிதான் நடக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். தகுதிச் சோதனையில் தேறினால் மேலும் நீட்டிக்கலாம். பின்னர் உடைப்புக்குப் போனால் இரும்பு உருகி மறுபடி இரும்பாகும், பூச்சு உலையில் எரிந்துவிடும். பாலியூரித்தேன் பிலிமுக்கு அடுத்த பிறவி கிடையாது. அதற்கு முன்பே, ஆயுள் முடிந்து மஞ்சளித்து ஓரம் பிரியத் தொடங்கும்போது அதை உரித்தாக வேண்டும். காலம் கடத்தினால் பசை கெட்டுப் பூச்சோடு ஒட்டிக்கொண்டு, சூடு காட்டிக் காட்டித் துண்டு துண்டாக எடுக்க நேரும். பிலிமின் விலையைக் கேட்கிறவர் உரிக்கும் கூலியையும் அப்போதே சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.